நீச்சலா, உயிர்காப்பா, முதலுதவியா: ஒன்ராறியோவில் எந்தப் பயிற்றுநர் சான்றிதழ் யாருக்கு?

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது: புரோன்ஸ் கிராஸ் என்ற உயிர்காப்புச் சான்றிதழ் முடிந்துவிட்டது, அடுத்து எதில் சேர்ப்பது? பெரும்பாலான பெற்றோர் யோசிக்காமல் நீச்சல் ஆசிரியர் வகுப்பைக் காட்டுவார்கள். வேலை சட்டென்று கிடைக்கும், சனி ஞாயிறில் கைச்செலவுக்குக் காசு வரும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனாலும் என் கட்சி வேறு. இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் உயிர்காப்புப் பயிற்றுநர் சான்றிதழைத்தான் எடுக்கச் சொல்வேன். நீந்தவே தெரியாத பெரியவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “அண்ணன் செஞ்சிலுவையின் நீச்சல் பயிற்றுநர் சான்றிதழான டபிள்யூஎஸ்ஐ எடுத்தான், தம்பிக்கும் அதுவே போதும்” என்று இன்னும் சொல்கிறவர்கள் உண்டு. 1946 முதல் நீச்சல் பழக்கிவந்த கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 2022இல் அந்தப் பணியைக் கைவிட்டது. நீச்சலுக்கும் உயிர்காப்புக்கும் உயிர்காப்புச் சங்கத்திடம் (லைஃப்சேவிங் சொசைட்டி) போங்கள் என்று தன் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிட்டு, முதலுதவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. எனவே தண்ணீரில் இன்று ஒரே சங்கத்தின் இரண்டு சான்றிதழ்கள்தான் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அமைப்புகளுக்கு இடையிலான போட்டி தரைக்கு, அதாவது முதலுதவிக்கு, வந்த பிறகுதான்.

நுழைவு நிபந்தனைகளைப் பார்த்துத் தேர்வு செய்ய முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் அவை ஒன்றுதான்: 15 வயது, கையில் புரோன்ஸ் கிராஸ். அந்தப் புரோன்ஸ் கிராஸுக்கு முன்னால் புரோன்ஸ் மெடலியனும் அவசர முதலுதவியும் முடித்திருக்க வேண்டும். மெடலியனுக்கு 13 வயது நிரம்பியிருக்க வேண்டும், அல்லது அதற்கும் கீழ்ப்படியான புரோன்ஸ் ஸ்டார் எடுத்திருக்க வேண்டும். பல நீச்சல் தடாகங்கள் நீச்சல் ஆசிரியர் பயிற்சியையும் உயிர்காப்புப் பயிற்றுநர் பயிற்சியையும் சேர்த்தே நடத்துகின்றன. அப்படி ஒன்று அருகில் கிடைத்தால் மேற்கொண்டு வாசிக்காமல் போய்ப் பதிந்துவிடுங்கள்.

தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால், பிள்ளை யாருக்கு முன்னால் நிற்கப்போகிறது என்று பாருங்கள். நீச்சல் ஆசிரியருக்கு வாய்ப்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள். மூக்கு நனையக் கூடாது என்று அடம்பிடிக்கும் நான்கு வயதுக்காரியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து நிற்கும் மற்ற மூவரையும் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் அம்மாக்கள், அப்பாக்கள், சில வேளை பாட்டியும். அரை மணி நேரத்தில் அந்தக் குழு போய் அடுத்தது வரும். பொறுமை தானாக வளரும், தொண்டை தானாகக் கட்டும். வேலைக்குப் பஞ்சமில்லை.

உயிர்காப்புப் பயிற்றுநரிடம் வருபவர்கள் தன்னைவிட ஓரிரு வயதே இளையவர்கள். புரோன்ஸ் மெடலியன், புரோன்ஸ் கிராஸ் மாணவர்கள். எல்லோருக்கும் நன்றாக நீந்தத் தெரியும், அதுதான் சிக்கலே. நீந்தத் தெரிந்தவன் முதலில் செய்ய நினைப்பது குதிப்பது. சங்கம் உயிர்காப்பை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: முடிவெடுக்கும் திறன், அறிவு, கைத்திறன், உடல்வலு. கைத்திறனையும் உடல்வலுவையும் நேரம் பார்த்து, தூரம் அளந்து பழக்கிவிடலாம். முடிவெடுக்கும் திறனை அப்படிப் பழக்க முடியாது. அதற்குச் சூழ்நிலைகளைக் கட்ட வேண்டும்.

அது எப்படி நடக்கிறது என்றால், பயிற்றுநர் ஒரு மாணவனைத் தனியாக அழைத்துக் காதில் சொல்வார்: “நீ ஆழமான பக்கத்தில் தத்தளிக்கிறாய். யாராவது உன்னோடு பேசினால் கொஞ்சம் அடங்கு. பேசாமல் கிட்ட வந்தால் கழுத்தைக் கட்டிப் பிடி.” காப்பாற்ற வேண்டியவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் பாய்ந்து போவான், கட்டிப் பிடிபடுவான், மெடலியனில் பழகிய பிடிவிலக்கல் எல்லாம் மறந்து இருவரும் மூழ்கி எழுவார்கள். கரைக்கு வந்ததும் பயிற்றுநர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “உன் பின்னால் சுவரில் என்ன தொங்குகிறது?” அவன் திரும்பிப் பார்ப்பான். கயிறு கட்டிய மிதவை வளையம். பேசு, எறி, எட்டிக் கொடு, நீந்திப் போவது கடைசி என்ற வரிசையை அதுவரை பத்துத் தடவை கேட்டிருப்பான்.

அந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது, எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்பது என்பதைத்தான் உயிர்காப்புப் பயிற்றுநர் வகுப்பு கற்றுக்கொடுக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் இதைப் பழகியவர் பின்னர் எந்தத் தொழிலுக்குப் போனாலும் இன்னொருவருக்கு வேலை பழக்கத் தெரிந்தவராக இருப்பார். என் சாய்வுக்குக் காரணம் இதுதான்.

குறையும் உண்டு. புரோன்ஸ் வகுப்புகள் எண்ணிக்கையில் குறைவு, அவற்றைப் பெரும்பாலும் மூத்த பயிற்றுநர்கள் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவருக்கு முதல் பருவத்தில் நேரம் அவ்வளவாகக் கிடைக்காது. காசு உடனே வேண்டும் என்ற நிலையில் நீச்சல் ஆசிரியரை முதலில் எடுத்து, அடுத்த பருவத்தில் உயிர்காப்பைச் சேர்ப்பதில் தவறில்லை. தடாக மேலாளர்கள் காவலும் நிற்கக்கூடிய ஆசிரியரையே விரும்புகிறார்கள் என்பதால் நேஷனல் லைஃப்கார்ட் என்ற தடாகக் காவலர் சான்றிதழும் எப்படியும் தேவைப்படும். அதற்கு முன் பொது முதலுதவியும் (ஸ்டாண்டர்ட் ஃபர்ஸ்ட் எய்ட்) முடித்திருக்க வேண்டும். பயிற்றுநர், காவலர் சான்றிதழ்களை 24 மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான்.

இனித் தரைக்கு வருவோம். முதலுதவிப் பயிற்றுநருக்கு நீச்சல் உடை தேவையில்லை. ஒன்ராறியோவில் வேலைத்தலங்கள் முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர்களை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும், எனவே மாணவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். ஆனால் அவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர், முதலாளி அனுப்பி வந்தவர்கள். காலை எட்டு மணிக்குக் கிடங்கு உடையோடு வந்து கதிரையில் சாய்ந்திருக்கும் ஒருவரை மண்டியிட வைத்து, பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போகும்படி அழுத்த வைப்பது தனிக் கலை. “ஏதாவது பிழையாகிப்போனால் என் மேல் வழக்குப் போடுவார்களா?” என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். கூலி எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்க 2001இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, மிக மோசமான கவனயீனம் இருந்தாலொழிய. இதைச் சொன்னதும் அறையில் பாதி முகங்கள் இளகும்.

தண்ணீர் அனுபவமுள்ள முதலுதவிப் பயிற்றுநருக்கு ஓர் இடத்தில் மட்டும் தெளிவான மேல்கை உண்டு. மாரடைப்பில் திடீரென விழுந்தவரின் இரத்தத்தில் சற்று நேரத்துக்கு ஒட்சிசன் மிச்சமிருக்கும், அழுத்தத்திலிருந்து தொடங்கலாம். நீரில் மூழ்கியவருக்கு ஒட்சிசன் தீர்ந்துபோனதால்தான் இதயமே நிற்கிறது. அங்கே மூச்சுக் கொடுப்பதைத் தவிர்க்க முடியாது, அதிலிருந்துதான் தொடங்கவும் வேண்டும். தரையில் மட்டும் பழகியவர் இதைப் பாடத்தில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துவிடக்கூடும்.

எந்த அமைப்பில் சேர்வது? செஞ்சிலுவையில் திறன் மதிப்பீடு, கற்பித்தல் அடிப்படைகள், பிறகு ஒரு மூத்தவரின் கண்காணிப்பில் உண்மையான வகுப்பு எடுப்பது என்று படிகள் இருக்கின்றன. அதன் பிறகு ஒரு பயிற்சி நிறுவனத்தோடு இணைந்து வகுப்பு நடத்தலாம். தானாகத் தொழில் தொடங்க நினைப்பவருக்கு இது பொருந்தும். இன்னொரு முதலுதவி அமைப்பான சென் ஜோன் அம்புலன்ஸில் தொண்டராகச் சேர்ந்தால் விழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் பணியாற்ற முடியும். கையில் இரத்தம் படாமல் முதலுதவி கற்பிக்க எனக்குப் பிடிக்காது என்பவர்கள் அங்கே போகட்டும். உயிர்காப்புச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்றுநர் பாதை ஏற்கெனவே தடாகத்தில் வேலை செய்பவர்களுக்கே வசதி. வெளியிலிருந்து வரும் நாற்பது வயதுக்காரருக்கு அதை நான் சொல்லமாட்டேன். அவர் மூத்தோர் சங்கத்திலோ கோயில் தொண்டர்களுக்கோ தமிழில் விளக்கிச் சொல்லும் எண்ணம் உள்ளவர் என்றால் செஞ்சிலுவையே போதும்.

காசு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலுதவிச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து வகுப்பு எடுக்க அந்தத் தடாகமோ நிறுவனமோ இடம் தருமா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.