மலைநாட்டைக் கடந்து மட்டக்களப்புக்கு: இரண்டு சைக்கிள்களுக்கு மூன்று வழிகள்

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குச் சைக்கிளில் போக விரும்பும் இருவர், குருநாகல், தம்புள்ளை, பொலன்னறுவை என்று வடக்கே வளைந்து, பெரிய ஏற்றம் எதையும் காணாமலே கிழக்குக் கரையை அடைந்துவிடலாம். அந்த வழியை விட்டுவிட்டு, மலைநாட்டின் ஊடாகத்தான் போவது என்று முடிவெடுத்தவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அவர்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையில் தொடங்கிக் கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடியில் முடியும் ஏ-5 வீதி ஒன்று. அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 வீதி இரண்டாவது. இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை, வெல்லவாய, பொத்துவில் என்று மலையின் தெற்கு விளிம்பைத் தழுவிச் செல்லும் ஏ-4 வீதி மூன்றாவது. முதல் இரண்டிலும் நானும் என் அக்காவின் கணவரும் வெவ்வேறு ஆண்டுகளில் பாரம் ஏற்றிய சைக்கிள்களில் போயிருக்கிறோம். மூன்றாவதில் வெல்லவாய வரைதான் சைக்கிள் மிதித்திருக்கிறோம் என்பதால், அதற்கு அப்பாலுள்ள பகுதியைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன்.

வழியைத் தெரிவு செய்யும்போது எல்லோரும் முதலில் கேட்பது உயரத்தைப் பற்றித்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதைச் சொன்னதும் கேட்பவர்களின் முகம் மாறிவிடுகிறது. ஆனால் கண்டி வழியும் ஹட்டன் வழியும் அதே நகரத்துக்குத்தான் ஏறுகின்றன. கொழும்பிலிருந்து அங்கே போய்ச் சேரும் தூரமும் இரண்டுக்கும் ஏறத்தாழ 180 கிலோமீற்றர்தான். ஆகவே, எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட அந்த ஏற்றம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து போகும்போது இது இன்னும் முக்கியமாகிறது. ஏற்றத்தில் ஒருவர் மணிக்கு 8 கிலோமீற்றர் வேகத்திலும் மற்றவர் 6 கிலோமீற்றர் வேகத்திலும் மிதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோமீற்றர் முடியும்போது முன்னால் போனவர் பின்னால் வருபவருக்காக 50 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த 50 நிமிடத்தை வியர்த்த உடம்போடு குளிர்காற்றில், வீதியோரத்தில் கழிப்பதா, அல்லது நாலைந்து தேநீர்க் கடைகளில் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக் கழிப்பதா என்பதில்தான் பயணத்தின் சுகமும் இருவருக்கிடையிலான நல்லுறவும் தங்கியிருக்கின்றன. என் அத்தான் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய வேகத்தை வைத்தே மூன்று வழிகளையும் எடைபோடுகிறேன்.

கண்டி வழி இந்த அளவுகோலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. முதல் நாளின் முடிவில் வரும் கடுகண்ணாவை ஏற்றம், சைக்கிளின் கியரையும் கேரியரில் கட்டிய பாரத்தையும் சோதித்துப் பார்க்க வாய்ப்புத் தருகிறது. ஏதாவது சரியில்லையென்றால் அடுத்த நாள் காலையில் கண்டியிலேயே திருத்திக்கொள்ளலாம். பேராதனையிலிருந்து கம்பளை வரை பெரிய சிரமமில்லை. கம்பளையைத் தாண்டியதும் வீதி ஏறத் தொடங்கினாலும், புசல்லாவையை அடைந்த பிறகு ஒரே மூச்சாக ஏறிக்கொண்டே இராமல், கொத்மலை நீர்த்தேக்கத்தைக் கீழே காட்டியபடி ஏறியும் இறங்கியும் இறம்பொடைக்குப் போகிறது. கால்களுக்கு இந்த இடைவெளி மிகவும் தேவை. இறம்பொடையிலோ அதற்குச் சற்று முன்போ ஓர் இரவு தங்கிவிட்டால், எஞ்சியிருக்கும் ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தை மறுநாள் காலையில் புதிய கால்களோடு ஏறலாம். 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியையும் ஆஞ்சநேயர் ஆலயத்தையும் பார்க்கவும் நேரம் கிடைக்கும். சுரங்கத்தைக் கடந்து லபுக்கலைத் தோட்டத்தின் ஊடாக ஏறும் முடக்குகளில் சாய்வு கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கிறது. ஒரு கியரைப் பிடித்துக்கொண்டு, பேசாமல், எண்ணிக்கொண்டே மிதிக்கலாம். மரக்கறிக் கடையும் தேநீர்க் கடையும் அடிக்கடி வருகின்றன. முன்னால் போகிறவர் ஒரு பிளேன்டீயைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அது ஆறுவதற்குள் மற்றவர் வந்துவிடுவார்.

இந்த வழியின் குறை நெரிசல். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையே சுற்றுலா வேன்களும் மரக்கறி லொறிகளும் பஸ்களும் இடைவிடாமல் ஓடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்குச் சனம் திரளும்போது இந்த வீதியில் சைக்கிளோடு இறங்கவே கூடாது என்பேன். 2025 மே 11 அன்று இறம்பொடை, கரண்டியெல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடமும் இதே வீதியில்தான் இருக்கிறது. அந்த முடக்குகளில் பெரிய வாகனங்களுக்கு எவ்வளவு குறைந்த இடம் இருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள், பின்னால் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் தயங்காமல் இறங்கி ஓரமாக நிற்பார்கள்.

ஹட்டன் வழி அழகில் முதலிடம் பெறுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. களனி ஆற்றின் ஓரமாகக் கித்துல்கலைக்குப் போய், அங்கே இரவைக் கழித்துவிட்டுக் காலையில் புறப்பட்டால், ஈரக் காடும் இறப்பர்த் தோட்டமும் மெல்ல மெல்லத் தேயிலையாக மாறுவதைக் கண்ணால் காணலாம். ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை என்று போகும்போது 97 மீற்றர் உயரமான டெவன் நீர்வீழ்ச்சியும் 80 மீற்றர் உயரமான சென் கிளயார் நீர்வீழ்ச்சியும் வீதியிலிருந்தே தெரிகின்றன. அழகை விடவும் எங்களுக்குப் பெரிதாகப்பட்டது பேச்சு. அந்நியன் என்றோ விருந்தாளி என்றோ பிரித்துப் பார்க்காமல், எங்கிருந்து வருகிறோம், ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறோம் என்று தமிழில் கேட்டு, சூடான ரொட்டியையும் சம்பலையும் முன்னால் வைக்கும் கடைகள் இந்த வீதியில் இருக்கின்றன. கொழுந்து நிறுப்பதற்காக வீதியோரம் நின்ற பெண்கள் அத்தானைப் பார்த்து, "அண்ணே, இன்னும் ரெண்டு முடக்குதான், மிதிங்க" என்று சொன்னார்கள். உண்மையில் இன்னும் எட்டு முடக்குகள் இருந்தன. ஆனாலும் அவர் மிதித்தார்.

ஆனால் ஏற்றத்தின் பங்கீட்டில் இந்த வழி கடுமையானது. கித்துல்கலை ஏறத்தாழத் தாழ்நிலம்தான். அங்கிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது உடம்பு சூடாவதற்கு முன்பே சாய்வு தொடங்கிவிடுகிறது. கினிகத்தேனை, வட்டவளை வழியாக 1,271 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனை எட்டியதும் முடிந்தது என்று நினைத்தால், வீதி தலவாக்கலையை நோக்கிச் சற்று இறங்கி, பிறகு லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்கு மீண்டும் ஏறுகிறது. முன்னேறியவர் இழந்த உயரத்தைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருப்பதுதான் களைத்த மனத்துக்குப் பெரிய சோதனை. நானுஓயாவுக்கு அருகே ரதல்ல குறுக்கு வீதி தூரத்தைக் குறைப்பதாகத் தோன்றினாலும், பாரம் ஏற்றிய சைக்கிளுக்கு அது ஏற்றதன்று. 2023 ஜனவரியில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ்ஸொன்று வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு பேர் இறந்தது அங்கேதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், வார இறுதிகளிலும் போயா தினங்களிலும் ஹட்டன் வீதி வாகனங்களால் நிரம்பிவிடுகிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தேயிலையே நல்ல கணக்கு. மேற்குச் சரிவான திம்புளைத் தேயிலை சுவையின் உச்சத்தை எட்டுவது தை முதல் பங்குனி வரையிலான உலர்ந்த குளிர்காலத்தில். கிழக்குச் சரிவான ஊவாத் தேயிலை அந்த உச்சத்தை எட்டுவது யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில். எந்தச் சரிவில் தேயிலைக்கு நல்ல காலமோ, அந்தச் சரிவின் வீதிக்கும் அதுவே நல்ல காலம். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை, நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களுள் ஒன்றான வட்டவளைப் பக்கம் சைக்கிளில் போவது வீண் வேலை. அதே மாதங்களில் பதுளைக்குக் கிழக்கே வெயில் காயும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் மேல்காற்றும் முதுகில் கைவைத்துத் தள்ளும். இரண்டு சரிவுகளையும் ஒரே பயணத்தில் கடக்க வேண்டியிருப்பதால், வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, மேற்கில் இன்னும் உலர்ந்திருக்கும் பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையிலான நான்கு வாரங்களையே நான் சிபாரிசு செய்வேன். அதற்குப் பிறகு பின்னேர இடிமழை தொடங்கிவிடும்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே முதல் இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. சீதையம்மன் கோவிலையும் ஹக்கலைப் பூங்காவையும் கடந்து வெலிமடைக்கும், அங்கிருந்து ஹாலிஎல வழியாக 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கும் போகும் இறக்கத்தை எல்லோரும் பரிசு என்று நினைக்கிறார்கள். என் எண்ணத்தில், முழுப் பயணத்திலும் அதிகக் கவனம் கேட்கும் பகுதி இதுதான். ஏற்றத்தில் பின்தங்கிய அத்தான் இறக்கத்தில் என்னை முந்திக்கொண்டு பறந்தார். ஹக்கலைக்குக் கீழே ஓரிடத்தில் அவருடைய பின்சில்லு ரிம்மைத் தொட்டுப் பார்த்தபோது விரல் சுட்டது. பிரேக் கட்டைகள் பாதியாகத் தேய்ந்திருந்தன. அன்றிலிருந்து இறக்கத்தில் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறோம்: பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிராமல் விட்டுவிட்டு அழுத்துவது, ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை இருவரும் நின்று சில்லுகளைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு சோடி மாற்றுப் பிரேக் கட்டைகளை, டியூப் ஒட்டும் பசையைப் போலவே, கட்டாயம் கொண்டுபோக வேண்டும். பதுளைக்கு அப்பால் பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குப் போகும் வீதியை இறக்கம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இடையில் ஏற்றங்களும் இருக்கின்றன. பிபிலையைத் தாண்டிய பிறகுதான் தரை உண்மையில் படுக்கிறது.

இரத்தினபுரி வழியை விரைவாகவே சொல்லிவிடலாம். தூரம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர்; மற்ற வழிகளைவிட நீளம். ஆனால் நுவரெலியாவின் உயரத்துக்கு எங்குமே ஏற வேண்டியதில்லை. பெரகலையில் மலையின் தோளைத் தொட்டுவிட்டு, கொஸ்லந்தை வழியாக, 220 மீற்றர் உயரமான தியலும நீர்வீழ்ச்சியைக் கண்டபடி, வெல்லவாயவின் வெப்பத்துக்குள் இறங்கிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கியர் இல்லாத சைக்கிளில் வருபவர்களுக்கும் நடைமுறையில் இது ஒன்றுதான் வழி. ஆயினும் மலைநாட்டுக்குள் போனோம் என்ற நிறைவை இது தராது; மலையை வெளியிலிருந்து பார்த்த உணர்வே மிஞ்சும். பெரகலையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் ஏறி அப்புத்தளையில் ஓரிரவு தங்கினால் அந்தக் குறை ஓரளவு தீரும். கொஸ்லந்தையைக் கடக்கும்போது நாங்கள் இறங்கி நின்றோம். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தது அந்த மலைச்சரிவில்தான். வேலைக்கும் பாடசாலைக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. அந்த மண்ணைப் பார்த்த பிறகு, ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களில் மூன்று வழிகளில் எதையுமே நான் யாருக்கும் சொல்வதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டின் வீதிகளையும் ரயில் பாதையையும் எப்படிக் குலைத்துப் போட்டது என்பதையும் நாம் கண்டோம். எந்தப் பருவமானாலும் புறப்படுவதற்கு முந்திய நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிவைச் சொல்ல வேண்டுமென்றால், முதன்முறை போகும் இருவருக்குக் கண்டி வழியையே சொல்வேன். இருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் மிதிப்பவர்களாக, பாரம் குறைவாக, பெப்ரவரியில் யாத்திரைக் கூட்டமில்லாத ஒரு வாரநாளில் போவதாக இருந்தால் ஹட்டன் வழிக்கு ஈடில்லை. எங்களுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் அத்தான் ஹட்டன் வழியைத்தான் கேட்பார் என்று தெரியும். நானும் மறுக்க மாட்டேன், கித்துல்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையே வட்டவளையில் இன்னோர் இரவு தங்குவதற்கு அவர் சம்மதித்தால்.

கண்டி வழியை ஆறு நாட்களாகப் பிரிப்பது நல்லது: கண்டி, இறம்பொடை, நுவரெலியா, பதுளை, பிபிலை, மட்டக்களப்பு. மூன்றாம் நாள் தூரத்தில் குறைவு. நுவரெலியாவை நண்பகலுக்கு முன்பே அடைந்து ஓய்வெடுக்கலாம். கடைசி நாள் நூறு கிலோமீற்றருக்கு மேல் வருகிறது. பிபிலைக்கும் செங்கலடிக்கும் இடையே யானைகள் நடமாடும் காட்டுப் பகுதிகள் இருப்பதால், விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே புறப்பட்டு, பொழுது சாய்வதற்கு முன் காட்டைக் கடந்துவிட வேண்டும். இந்தப் பகுதியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்திலேயே மிதிக்க வேண்டும். அவ்வளவு தூரம் ஒரே நாளில் முடியாதென்றால் மகாஓயாவில் தங்கி ஏழு நாட்களாக்கிக்கொள்ளலாம். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ஐந்து நாட்கள் மலை ஏறி இறங்கிய கால்களுக்கு அந்தச் சூட்டு நீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, மறுநாள் காலை செங்கலடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால், மட்டக்களப்பு இன்னும் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர்தான்.