பழுது பார்த்த மூடியும் புதிதாக வார்த்த மூடியும்: திருகோணமலையில் ஒரு பாய்மரப் போட்டின் அனுபவம்

எங்கள் 22 அடிப் பாய்மரப் போட்டில் இப்போது இரண்டு வகை மூடிகள் இருக்கின்றன. முன்னறைக்கு மேலே உள்ள ஹேட்ச் மூடி, அடிபட்டு வெடித்த பழையதையே பிரித்துத் திருத்தியது. பின்பக்கம் நங்கூரக் கயிறும் லைஃப் ஜாக்கெட்டுகளும் கிடக்கிற பெட்டியின் மூடி, கிண்ணியாப் பக்கம் மீன்பிடிப் போட் கட்டும் பட்டறையொன்றில் புதிதாக வார்த்தது. முன்னது 2021ஆம் ஆண்டுக் கச்சான் காற்றுக் காலத்து வேலை, பின்னது அடுத்த ஆண்டு. இரண்டின் மேலும் ஒரே வெயில் எரித்திருக்கிறது, ஒரே மாரி மழை பெய்திருக்கிறது. ட்ரெய்லரில் ஏற்றி இறக்கும் போட் வைத்திருப்பவர்கள் "பழசைத் திருத்தவா, புதுசு போடவா" என்று கேட்டால் இந்த இரண்டையும் காட்டித்தான் பதில் சொல்கிறேன். ஆள் ஏறி நிற்கிற இடத்து மூடி என்றால் திருத்துங்கள். கை மட்டும் படுகிற மூடி என்றால் புதிதாக வார்க்கலாம். எந்த வழியில் போனாலும் ஆணித் துளையில் கண்ணாக இருங்கள்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது போட் உப்புவெளியில் எங்கள் வளவுக்குள் ட்ரெய்லரில் நின்றது. பாய்மரத்தை இறக்கிக் கட்டியிருந்தோம். விடியப் பார்த்தால் வேப்பங்கிளையொன்று முறிந்து முன் மூடிக்கு மேலே கிடக்கிறது. வெளித்தோலில் விரல் நீள வெடிப்புகள், ஒரு பக்கத்துப் பிணைச்சல் பிய்ந்து தொங்கியது. கிளை அப்படியொன்றும் பெருத்ததில்லை. நல்ல மூடி அதைத் தாங்கியிருக்க வேண்டும்.

ஏன் தாங்கவில்லை என்று அறியத் திருப்புளியின் பிடி போதும். அதால் மூடியைத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே திடமாக இருக்கிற இடத்தில் "டக், டக்" என்று கூர்மையாகக் கேட்கும். ஊறியோ விட்டுப்போயோ இருக்கிற இடத்தில் சத்தம் அமுங்கும். பட்டறையில் இருந்து வந்த நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) காதை மூடிக்குக் கிட்ட வைத்து, விரலை மடக்கித் தட்டித் தட்டிப் போய்ப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குள் மூடியில் பெரும்பகுதி அகப்பட்டது. "தம்பி, இது கிளை விழுந்து பழுதானது இல்ல. தண்ணி எப்பவோ குடிச்சிட்டுது. கிளை வந்து சொல்லிட்டுப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. இந்த வகை மூடி மேலே ஒரு பைபர் தோல், கீழே ஒரு பைபர் தோல், நடுவில் பால்சா மரம், பிளைவுட் அல்லது நுரைப் பலகை என்று மூன்று அடுக்காக இருக்கும். ஒரு தகட்டின் தடிப்பை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தத் தடிப்பைப் பாரம் ஏறாமல் கொடுப்பதற்குத்தான் நடு அடுக்கு. இரண்டு தோலும் அதோடு இறுகி ஒட்டியிருக்கும் வரைக்கும் மூடி ஓர் ஆளைத் தாங்கும். எங்கள் மூடியில் பிணைச்சல் ஆணிகளைத் தொழிற்சாலையிலேயே நேராகப் பால்சாவுக்குள் இறக்கியிருந்தார்கள். ஆணியைச் சுற்றியிருக்கிற சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் புரியோடு கீழே இறங்கும். இறங்கிய தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது.

வேறு மூடி வாங்குகிற யோசனையும் வந்தது. அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடி மூடி அழகு, ஆனால் எங்கள் போட்டின் மேல்தளம் வளைவானது. அதற்குத் தட்டையான பீடம் கட்ட வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. பொலிகாபனேற் தகடு வெட்டிப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். அது உடையாது, ஆனால் கீறும், பாதுகாப்புப் பூச்சு இல்லாத தகடு வெயிலில் மஞ்சளாகும், சூட்டில் பைபரைவிட அதிகமாக விரியும். ஆணித் துளையைப் பெரிதாக விட்டுப் பூட்டாவிட்டால் துளையில் இருந்தே வெடிக்கத் தொடங்கும். முன்னறைக்குள் படுப்பவர்களுக்குத் தலைக்கு மேலே வெயில் இறங்குவதும் திருமலைக்கு ஏற்றதில்லை.

ஆகவே திருத்துவது என்று முடிவெடுத்து, மாரி முடிந்து கச்சான் காற்று எழும் வரை பொறுத்தோம். ஆனி, ஆடியில் மேற்கே மலைநாட்டைத் தாண்டி வருகிற அந்தக் காற்றில் ஈரமே இருக்காது. உடுப்புக் காய்வதைப் பார்த்தாலே தெரியும். பைபருக்குள் இருக்கிற ஈரத்தை வெளியே இழுக்க அதைவிட நல்ல காலம் எங்கள் ஊரில் இல்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை இந்த வேலைக்குக் கை வைக்கக்கூடாது.

மூடியைக் கழற்றிக் கவிழ்த்து, கிரைண்டரில் மெல்லிய தட்டு மாட்டி, உள்தோலை ஓரத்தில் இருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிச் சுற்றிவர வெட்டினோம். உளியை நுழைத்து நெம்பியதும் பெரிய பாரமில்லாமல் கழன்று வந்தது. உள்ளே பால்சா என்று சொல்ல ஒன்றுமில்லை. வடித்தெடுத்த தேயிலைச் சக்கை மாதிரிக் கறுத்து, கையால் அள்ளக் கூடியதாகக் கிடந்தது. நெருக்கினால் விரலிடுக்கால் தண்ணீர் வழிந்தது, புளித்த வாடை. ஒரு மூலையில் மட்டும் மரம் வெளிர் மஞ்சளாகத் திடமாக இருந்தது. அதையும் விட்டுவைக்காமல் சுரண்டினோம், ஏனென்றால் புதியதும் பழையதும் சந்திக்கிற இடத்தில் ஈரம் மறுபடியும் ஒதுங்கும்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உள்தோலும் நடு அடுக்கும் போய்விட்டால் மிஞ்சுகிற வெளித்தோல் துவளும். மேசையில் வைத்து வேலை செய்தால் தட்டையாகவே இறுகி, பிறகு போட்டின் வளைவோடு பொருந்தாது. உப்பில்லாத ஆற்று மணலைப் பெட்டியில் பரப்பி, மூடியை உடைப்பதற்கு முன்னமே அதில் அமுக்கி அச்சு எடுத்து, பொலித்தீன் விரித்து வைத்திருந்தோம். வெளித்தோலை முகம் கீழாக அந்த அச்சிலேயே கிடத்தி முழு வேலையையும் முடித்தோம். வெடிப்புகளின் பின்பக்கத்தைத் தேய்த்துச் சரிவாக்கினோம். சரிவு தோலின் தடிப்பைப்போல 12 மடங்கு அகலம் இருக்க வேண்டும். 2 மில்லிமீற்றர் தோலுக்கு 24 மில்லிமீற்றர். அதற்கு மேல் பைபர் துணி இரண்டு அடுக்கு, பிறகு 12 மில்லிமீற்றர் பிவிசி நுரைப் பலகை. வளைவுக்காக நுரையில் கட்டம் கட்டமாகக் கீறுவார்கள். அந்தக் கீறல் ஒவ்வொன்றையும் தடித்த எப்பொக்சிப் பசையால் அடைக்காவிட்டால், பிற்காலத்தில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் அதுதான். மேலே மணல் மூட்டைகளை அடுக்கிப் பாரம் வைத்தோம்.

பிணைச்சலும் பூட்டும் வருகிற இடங்களில் நுரை வைக்கவே இல்லை. அங்கே பைபர் துணித் துண்டுகளை எப்பொக்சியில் தோய்த்து அடுக்கித் திடக்கட்டியாக வார்த்தோம். ஆணி இறங்குவது அந்தக் கட்டிக்குள் மட்டும். மூடியை முழுக்கப் பிரிக்க முடியாதவர்கள் இதையாவது செய்யலாம்: ஆணித் துளையை ஆணியைவிடப் பெரிதாகக் கடைந்து, ஓரத்து நடு அடுக்கைக் கொஞ்சம் கொத்தி எடுத்து, எப்பொக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுத் துளை போட வேண்டும்.

நானாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டது பசை விசயத்தில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அத்தனை பைபர் போட்டுகள் வந்து இறங்கின, கட்டவும் பட்டன. பொலியெஸ்டர் றெசினும் மேட்டும் (நெய்யாமல், வெட்டிய கண்ணாடி நார்களைப் பசையால் பிணைத்த விரிப்பு) கொண்டு போட் திருத்துகிற கைத்திறன் இங்கே தாராளமாக இருக்கிறது. "எங்கட றெசினே போதும் தம்பி, போட்டையே அதாலதானே கட்டுறம்" என்றார். புதிதாக வார்ப்பதற்கு அது போதும். இறுகிப் பல வருடமான பழைய தோலோடு ஒட்டுவதற்கு எப்பொக்சியின் பிடி வேறு. ஆனால் எப்பொக்சி எடுத்தால் வழமையான மேட் கூடாது. அந்த மேட்டின் நார்களைப் பிணைத்திருக்கிற பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பொக்சியில் ஸ்டைரீன் இல்லை, மேட் விறைத்தபடியே நிற்கும். நெய்த துணி எடுக்க வேண்டும். முதல் அடுக்கை இட்டுப் பார்த்துவிட்டு நானாவும் தலையாட்டினார். உருளையால் காற்றுக் குமிழை ஓட்டி எடுக்கிற அவருடைய கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திருமலைச் சூட்டில் எப்பொக்சி அவசரப்படும். வெப்பம் 10 பாகை ஏறினால் வேலை செய்யக் கிடைக்கிற நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்ட்னர் (பசையை இறுக வைக்கக் கலக்கிற திரவம்) வாங்குங்கள். கோப்பையில் வைத்துக்கொண்டிருக்காமல் அகன்ற தட்டில் ஊற்றுங்கள், குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே புகைத்துக் கட்டியாகும். நாங்கள் பின்னேரம், வெயில் இறங்கத் தொடங்கிய பிறகு பூசினோம். காலையில் பூசினால் நடு அடுக்குக்குள் இருக்கிற காற்று சூடேறி விரிந்து குமிழாகக் கிளம்பும், பின்னேரம் குளிரக் குளிரப் பசை உள்ளே இழுபடும். இரவுப் பனி படாமல் படங்கு மூடவேண்டும். மறுநாள் மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் தெரியும், அதைத் தண்ணீரால் கழுவிய பிறகுதான் தேய்க்கலாம்.

மேல்பூச்சுக்கு ஜெல்கோட்டை (பைபர் போட்டுகளின் வெளிமுகத்தில் வருகிற நிறமிட்ட றெசின் பூச்சு) தவிர்த்தேன். எப்பொக்சிக்கு மேல் அது ஒழுங்காக இறுகும் என்று நம்ப முடியாது. இரண்டு கலவைப் பொலியூரிதேன் பெயின்ட், வெள்ளை. வெள்ளை என்பது அழகுக்காக அல்ல. சாதாரண வெப்பத்தில் இறுகுகிற எப்பொக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும். கடும் நிறம் அடித்த தளம் சித்திரை வெயிலில் அந்தச் சூட்டை இலகுவாகத் தாண்டும். பெயின்ட் அடிக்காமல் விடவும் முடியாது, சூரிய ஒளி எப்பொக்சியை அரித்துவிடும்.

அந்த மூடி இன்று வரைக்கும் எப்படி? இந்தக் கிழமையும் தட்டிப் பார்த்தேன், ஓரம் முழுக்க ஒரே கூர்மையான சத்தம். நங்கூரம் இழுக்க மச்சான் அதில்தான் ஏறி நிற்பார், மனிதர் நல்ல பாரம். அசைவில்லை. பிணைச்சல் ஆணிகள் முதல் நாள் பூட்டியபடியே இறுக்கமாக நிற்கின்றன. பழைய வெடிப்பு இருந்த ஓரிடத்தில் பெயின்ட்டில் தலைமயிர் அளவில் ஒரு கோடு தெரிகிறது, கீழே துணி உடையவில்லை. பளபளப்பு மங்கிவிட்டது. இனி ஒருமுறை தேய்த்துப் பூச வேண்டும். குறை என்று சொன்னால் இவ்வளவுதான்.

பின்பெட்டி மூடியின் கதை சுருக்கமானது. அதுவும் உள்ளே ஊறித்தான் இருந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறி, நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் போன காலத்தில் நுரைப் பலகையும் எப்பொக்சியும் வாங்குகிற நிலை இருக்கவில்லை. பழைய மூடியைப் பட்டி பூசித் தேய்த்து, மெழுகிட்டு, அதன் மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் ஜெல்கோட், மேட், றோவிங் (தடித்த நாரில் நெய்த துணி) என்று அடுக்கி நடு அடுக்கே இல்லாமல் திடமாக வார்த்தார் நானா. சுத்தமான வேலை. அழுகுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் பாரம் கூட, ஒரு கையால் தூக்கிப் பிடிப்பது சிரமம். நடுவில் உட்கார்ந்தால் அமிழ்ந்தது. இரண்டாம் மாரிக்குப் பிறகு ஜெல்கோட் தடித்திருந்த மூலைகளில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து கீழ்ப்பக்கத்தில் வைத்து, மேலே மேட் ஒட்டி விலா எலும்புகளாக ஆக்கிய பிறகு அமிழ்வு நின்றது. பெட்டி மூடிக்கு இது நிறைவான தீர்வு. முன்னறைக்கு இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

வீட்டில் செய்யப் போகிறவர்களுக்கு: பொலியெஸ்டர் றெசினுக்கான ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். அதை, றெசின் வேகமாக இறுகச் சேர்க்கிற கோபால்ட் திரவத்தோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கும், இரண்டையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள். தேய்க்கும்போது நல்ல மாஸ்க் போடாமல் நிற்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

இந்தக் கச்சானில் முன் மூடியின் றப்பர் பட்டியை மாற்றுகிறேன், பழையது சப்பையாகிவிட்டது. தண்ணீர் உறிஞ்சாத, மூடிய துளை நுரைப் பட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டிய பிறகு சட்டத்தின் விளிம்பில் சோக் பூசி, மூடியை ஒருமுறை இறுக்கிப் பூட்டித் திறந்தால் பட்டியில் வெள்ளைக் கோடு பதிந்திருக்கும். கோடு விட்டுப்போன இடத்தில் பட்டிக்குக் கீழே மெல்லிய துண்டொன்று வைத்து உயர்த்தி, மறுபடியும் பூசிப் பார்க்க வேண்டும்.