உடல் பருமன் உள்ள கர்ப்பிணிக்கு ஆரம்ப ஸ்கேன்: எந்த வழியில் கை பழக வேண்டும்?

மதுரையில் மகப்பேறு படிக்கிற ஜூனியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. எடை கூடுதலான பெண் ஆறு, ஏழு வாரக் கர்ப்பத்தோடு வந்தால் வயிற்றின் மேல் புரோப் (ஒலி அனுப்பிப் படம் பிடிக்கும் கைக்கருவி) வைத்துப் பழகுவதா, பிறப்புறுப்பு வழியாகப் புரோப்பைச் செலுத்திப் பார்க்கும் உள்வழி ஸ்கேனை முதலில் கற்றுக்கொள்வதா? உள்வழிக்குத்தான் என் ஓட்டு. ஆனால் வயிற்று வழியை விட்டுவிடச் சொல்லவில்லை.

வயிற்றுப் புரோப் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். உள்வழிப் புரோப் 5 முதல் 9 வரை போகும். அதிர்வெண் கூடினால் படம் தெளியும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. கொழுப்பு அடுக்கைத் தாண்டும்போதே ஒலி சிதறி வலு இழக்கிறது. உள்வழியில் அந்த அடுக்கே குறுக்கே வராது, கருப்பை சில சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும். அதனால்தான் அஞ்சாவது வாரத்தில் தெரியும் கருவைச் சுற்றிய பை, ஆறாவது வாரத்தில் தெரியும் துடிப்பு எல்லாம் வயிற்று வழியைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னாலேயே பிடிபடுகின்றன.

அந்த ஒரு வாரம் இந்தப் பெண்களுக்கு ரொம்ப முக்கியம். பலருக்கு பிசிஓடி (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கும், மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும். கடைசி மாதவிடாய்த் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் வாரம் தப்பும். கருவின் நீளத்தை அளந்துதான் வாரத்தைச் சொல்ல வேண்டும். கரு வளராமல் நின்றுவிட்டதா என்ற முடிவும் அப்படித்தான்: கருவின் நீளம் 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து துடிப்பு இல்லை, அல்லது பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் கரு இல்லை என்ற அளவுகோல்கள் உள்வழி ஸ்கேனுக்கானவை. பருமனான வயிற்றின் மேலிருந்து மங்கலாகப் பார்த்துவிட்டு "துடிப்பு இல்லை" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் இன்னொருவர் பார்க்க வேண்டும், அல்லது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

சரி, வயிற்று வழி எதற்கு? அகலப் பார்வைக்கு. மேலே ஏறி நிற்கிற கட்டி, பெரிய சூலகக் கட்டி, கருக்குழாய் வெடித்துக் கல்லீரல் பக்கம் தேங்கிய ரத்தம் இதெல்லாம் உள்வழிப் புரோப்புக்கு எட்டாது. அதனால் முதலில் வயிற்றில் ஒரு பார்வை, அப்புறம் உள்வழி. மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சொன்னதை நம்பி ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்க முடியாமல் நெளிகிற பெண்ணைக் காக்க வைக்காதீர்கள். மூத்திரப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் கருப்பையை இன்னும் பின்னால்தான் தள்ளும்.

வயிற்றில் பார்க்கும்போது தொங்கும் மடிப்பை அவரையே இரு கையாலும் மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அடியில் புரோப்பை வையுங்கள். தொப்புள் வழியாகவும் பார்க்கலாம், அங்கே கொழுப்பு மெல்லியது. ஹார்மானிக் முறையை (படத்தின் மங்கலைக் குறைக்கும் வசதி) போட்டு, அதிர்வெண்ணைக் குறைத்து, ஆழத்தைத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து தெரியவில்லையென்றால் பலம் கொண்டு அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். அவருக்கு வலி, உங்கள் தோளுக்கும் கேடு.

உள்வழியில் கற்றுக்கொடுக்காமல் விட்டுப்போகிற விஷயம் இடுப்புக்கு அடியில் வைக்கிற தலையணை. முன்பக்கம் சாய்ந்த கருப்பையைப் பார்க்க புரோப்பின் நுனி மேலே போக வேண்டும், அதாவது கைப்பிடி கீழே இறங்க வேண்டும். மெத்தையில் புதைந்து படுத்திருப்பவருக்குக் கைப்பிடி மெத்தையில் முட்டி நின்றுவிடும். மடித்த போர்வை ஒன்றை இடுப்புக்கு அடியில் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சூலகம் தெரியாவிட்டால் இன்னொரு கையால் அடிவயிற்றை மெதுவாக அழுத்துங்கள், புரோப் பக்கம் இறங்கி வரும். துடிப்பை எம்-மோடில் (அசைவைக் கோடாக வரையும் முறை) பதிவு செய்யுங்கள், இந்த வாரங்களில் கருவின் மேல் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும், ஒலியின் வலு கூடிய முறை) வேண்டாம்.

பேச்சும் பயிற்சியில் சேர்ந்ததுதான். "உள்ள விட்டுப் பார்த்தா கரு கலைஞ்சுறாதா டாக்டர்?" என்று கேட்பார்கள். "கருப்பை வாய்க்கு வெளியிலேயே நின்னுரும்மா, பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போகாது" என்று சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கி, பெண் உதவியாளரைப் பக்கத்தில் வைத்து ஆரம்பியுங்கள். கூட யார் இருக்கலாம், அம்மாவா மாமியாரா, அதை அவரே சொல்லட்டும். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு "கொழுப்பு, ஒண்ணும் தெரியல" என்று முணுமுணுப்பது கொடுமை. படுத்திருக்கிறவருக்குக் காது கேட்கும்.

சிமுலேட்டரா (ஸ்கேன் பழகுவதற்கான பொம்மை உடம்பு), சீனியர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பதா என்பது இன்னொரு போட்டி. கை எந்தப் பக்கம் போனால் படம் எந்தப் பக்கம் நகரும் என்பதைப் பழக சிமுலேட்டர் அருமை, யாருக்கும் கூச்சமோ வலியோ இல்லை. ஆனால் அந்தப் பொம்மை உடம்பில் மடிப்பு இல்லை, மெத்தையில் புதையும் இடுப்பும் இல்லை. சிமுலேட்டரில் தொடங்கி, ஒல்லியான பெண்களிடம் கை தேறி, அதன்பின் சீனியரோடு பருமனான பெண்களைப் பார்ப்பதே சரியான வரிசை.

எம்பிபிஎஸ் மட்டும் முடித்துவிட்டு ஸ்கேன் பார்க்க விரும்புபவர்களுக்கு, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தின் 2014 விதிகளின்படி ஆறு மாதப் பயிற்சி, 300 மணி நேரம், தேர்வும் உண்டு. பழகுவதற்கென்று பதிவில்லாத இடத்தில் கர்ப்பிணியை ஸ்கேன் பார்ப்பது அந்த 1994 சட்டப்படி குற்றம். அதனால் சேரும் முன்பே விசாரியுங்கள்: உள்வழி ஸ்கேன் எத்தனை பேருக்கு நம் கையால் பார்க்க விடுவார்கள், அதில் எடை கூடியவர்கள் எத்தனை பேர் என்று.