ராஸ்பெரி பை, டிவி ஹேட், டிவிஹெட்எண்ட்: ஒளிபரப்பைப் பதிந்துவைக்கும் வீட்டுக் கணினி

தென் லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடி ஜன்னலில் நின்றால் கிரிஸ்டல் பேலஸ் ஒளிபரப்புக் கோபுரம் தெரியும். 219 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்திலிருந்து வரும் ஃப்ரீவியூ என்னும் பிரிட்டனின் ஆன்டெனாவழித் தொலைக்காட்சி ஒளிபரப்பைக் கூரைமேலிருக்கும் பழைய ஆன்டெனா வழியாகப் பெற்று, வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பார்க்கவும் பதிந்துவைக்கவும் ஒரு சிறு கணினியை நான் அமைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. ராஸ்பெரி பை 4 என்னும் கணினிப் பலகை, அதன்மேல் பொருத்தப்படும் டிவி ஹேட் என்னும், ஒளிபரப்பைப் பிடிக்கும் ட்யூனர் அட்டை, லிப்ரஎலெக் என்னும் இயங்குதளம், திரையில் தெரியும் முகப்பாகக் கோடி (Kodi) என்னும் மென்பொருள், பின்னணியில் பதிவு வேலையைச் செய்யும் டிவிஹெட்எண்ட் ஆகியவை சேர்ந்ததே இந்த அமைப்பு. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மதிப்பிடுவது பயன்படாது என்பதால் முழு அமைப்பையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பதிவுப் பெட்டியை வாங்காமல் இந்த வழிக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். முன்பு எங்களிடம் இருந்த பெட்டி ஒருநாள் பழுதடைந்தபோது, அதற்குள் என் தந்தை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்த பதிவுகள் அனைத்தும் போய்விட்டன. ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால், அதிலிருந்த கோப்புகள் அந்தப் பெட்டியிலன்றி வேறெங்கும் திறக்காதவாறு பூட்டப்பட்டிருந்தன. ஃப்ரீவியூவின் ஒளிபரப்போ எவரும் பெற்றுக்கொள்ளக்கூடிய திறந்த அலை. அதை வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிந்துவைப்பதைப் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அனுமதிக்கிறது. தொலைக்காட்சி உரிமக் கட்டணம் பார்ப்பதற்கு வேண்டியிருப்பதுபோலவே பதிவதற்கும் வேண்டும். அதைக் கட்டிவிட்ட பிறகு, நாம் பதிந்த நிகழ்ச்சி எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக நம் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டில் திரையரங்குக் கணினி அமைப்பது புதிய விஷயமன்று. மித்டிவி என்னும் பதிவு மென்பொருள் 2002இலேயே வந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் பலருடைய வீட்டில் இடம்பெற்று, 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிடப்பட்டது. அக்காலத்தில் இதற்கு மின்விசிறி இரையும் பெரிய பெட்டியொன்று தேவைப்பட்டது. இன்று உள்ளங்கையளவுப் பலகையொன்று ஓசையின்றி, மின்சாரத்தைப் பெரிதாக இழுக்காமல் அந்த வேலையைச் செய்கிறது.

டிவி ஹேட் 2018 அக்டோபரில் 21.50 டாலர் விலையில் அறிமுகமானது. சோனியின் சிஎக்ஸ்டி2880 சில்லு இதிலுள்ளதால் டிவிபி-டி, டிவிபி-டி2 ஆகிய இரு எண்ணியல் ஒளிபரப்பு முறைகளையும் பெறும். பிரிட்டனில் துல்லியத் தரமான எச்.டி. அலைவரிசைகள் டி2 முறையில்தான் வருகின்றன. ஆகவே, டி2 இல்லாத பழைய ட்யூனரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது வீண். அட்டையைப் பலகையின் 40 ஊசிகளின்மேல் அழுத்திப் பொருத்தி, கூடவே தரப்படும் சிறு இணைப்பியில் ஆன்டெனா கேபிளைச் செருகினால் வன்பொருள் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இயக்கி மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த அட்டையைப் பற்றிப் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ட்யூனர்தான் உள்ளது என்றதும், ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைத்தான் பதிய முடியும் என்று எண்ணத் தோன்றும். எண்ணியல் ஒளிபரப்பில் ஓர் அதிர்வெண்ணில் ஓர் அலைவரிசை மட்டும் வருவதில்லை. பல அலைவரிசைகள் ஒரே கட்டாக, மல்டிபிளெக்ஸ் என்ற பெயரில் வருகின்றன. ட்யூனர் பிடிப்பது அந்தக் கட்டு முழுவதையும். அதிலிருந்து எத்தனை அலைவரிசைகளை வேண்டுமானாலும் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக எழுத டிவிஹெட்எண்டால் முடியும். பிபிசி ஒன், பிபிசி டூ, ஐடிவி 1, சேனல் 4 ஆகியவற்றின் எச்.டி. வடிவங்கள் எல்லாம் ஒரே டி2 கட்டில் வருவதால், அந்த நான்கையும் ஒரே நேரத்தில் இந்த ஒற்றை ட்யூனரால் பதியலாம். நான் செய்தும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டின் மொத்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட் மட்டுமே என்பதால் மிகச் சாதாரணமான ஹார்டு டிஸ்க்கும் அதைச் சிரமமின்றித் தாங்கும். சிக்கல் எழுவது வேறொரு கட்டிலுள்ள அலைவரிசையை யாரேனும் கேட்கும்போதுதான். பிபிசி ஒன் எச்.டி. பதிவாகிக்கொண்டிருக்கும்போது என் மகள் ஐடிவி 2ஐப் பார்க்க விரும்பினால், அது வேறு கட்டிலிருப்பதால் பார்க்க இயலாது. இருவருக்குமேல் உள்ள வீட்டுக்கு இரண்டாவது ட்யூனர் அவசியம் என்றே சொல்வேன்.

அந்த இரண்டாவது ட்யூனரை வாங்குவதில்தான் நான் பணத்தை இழந்தேன். லிப்ரஎலெக்குக்கு அடிப்படையான லினக்ஸில் வேலை செய்வதாகப் பலர் உறுதி கூறியிருந்த ஒரு யுஎஸ்பி ட்யூனரை வாங்கினேன். பெயரும் மாதிரி எண்ணும் அட்டைப்பெட்டியும் அதேதான். உள்ளிருந்த சில்லு மட்டும் மாற்றப்பட்டிருந்தது, அந்தப் புதிய சில்லுக்கு லினக்ஸ் இயக்கி இல்லை. ஆகையால் யுஎஸ்பி ட்யூனர் வாங்குவோர் மாதிரிப் பெயரை மட்டும் நம்பாமல், எந்தப் பதிப்பு, எந்தச் சில்லு என்று விற்பவரிடம் கேட்டறிந்து, திருப்பித் தரும் வசதியோடு வாங்குவது நல்லது. முடிவில் நான்கு ட்யூனர்கள் கொண்ட எச்டிஹோம்ரன் குவாட்ரோ என்னும் வலையமைப்புப் பெட்டியை வாங்கினேன். ஆன்டெனா கேபிள் எங்கே வீட்டுக்குள் இறங்குகிறதோ அங்கேயே அதை வைத்துவிட்டு வலையமைப்புக் கேபிளால் இணைத்துவிடலாம். டிவிஹெட்எண்ட் அதை உடனே கண்டுகொள்கிறது. விலை கூடுதல்தான். ஆனால், இனி ஒருவர் புதிதாகத் தொடங்குவதாக இருந்து, செலவும் பொருட்டில்லையென்றால், அவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தனியாக வசிப்பவருக்கும் ஒரே தொலைக்காட்சியுள்ள இருவர் வீட்டுக்கும் டிவி ஹேட் போதும்.

பலகையைப் பொறுத்தவரை 2 ஜிபி நினைவகமுள்ள பை 4 தாராளமாகப் போதும். எச்.டி. ஒளிபரப்பின் எச்.264 படக்குறியீட்டை விரித்துக் காட்ட அதில் தனி வன்பொருள் உண்டு, சாதாரணத் தரமான எஸ்.டி. அலைவரிசைகளின் எம்பெக்-2 குறியீட்டை அதன் செயலியே சமாளித்துவிடும். பை 3 வரையிலான பலகைகளில் எம்பெக்-2க்கெனத் தனி உரிமச் சாவி வாங்க வேண்டியிருந்தது. புதிய பை 5இல் எச்.264 வன்பொருள் நீக்கப்பட்டுவிட்டது. அதன் வேகமான செயலி அந்தக் குறையை ஈடுசெய்கிறது என்றாலும், இந்த ஒரு வேலைக்காக மட்டும் அதை வாங்கக் காரணம் எதையும் நான் காணவில்லை.

பதிவுகளை எஸ்.டி. மெமரி கார்டில் வைக்கக் கூடாது. இடைவிடாமல் எழுதுவதற்கு அது உருவாக்கப்பட்டதன்று; நேரலையை நிறுத்தித் தொடரும் வசதிக்கான தற்காலிகக் கோப்பையும் வெளி டிஸ்க்குக்கே மாற்றிவிட வேண்டும். எச்.டி. நிகழ்ச்சிக்கு மணிக்கு இரண்டரை முதல் மூன்று ஜிபி வரை எனக்குச் செலவாகிறது. ஒரு டெராபைட் டிஸ்க் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பை 4இன் யுஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், டிஸ்க்குக்குத் தனி மின்இணைப்பு இருந்தால் பாதுகாப்பு.

லிப்ரஎலெக்கை நிறுவுவது எளிது. டிவிஹெட்எண்டை அமைப்பது அப்படியன்று. இந்த அமைப்பின் கடினமான பகுதி இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். உலாவியில் 9981 என்ற துளை (போர்ட்) எண்ணில் திறக்கும் அதன் பக்கத்தில் வலையமைப்பு, மல்டிபிளெக்ஸ், சேவை, அலைவரிசை என்று நான்கு அடுக்குகள் உள்ளன. முதலில் ஒளிபரப்புக்கான வலையமைப்பை உருவாக்கி அதை ட்யூனருடன் இணைக்க வேண்டும். பின்னர் நம் பகுதிக் கோபுரத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தால் கட்டுகள் வரும். கட்டுகளை வருடியதும் சேவைகள் கிடைக்கும். சேவைகளை அலைவரிசைகளாக மாற்றிய பிறகுதான் கோடியின் திரையில் எதுவும் தெரியும். தொடக்க வழிகாட்டி இந்த வரிசையில் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. ஆயினும் நான்கு அடுக்குகளுக்கும் இடையிலுள்ள உறவைப் புரிந்துகொள்ளாமல் அதைப் பின்பற்றினால் இடையில் ஏதேனும் தவறும்போது எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போய்விடும். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. நிர்வாகிக்கான கடவுச்சொல்லை முதல் நாளே வைத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது மிக நேர்த்தியான பதிவுச் சேவை. ஃப்ரீவியூவின் எச்.டி. நிகழ்ச்சி நிரல் சுருக்கப்பட்ட வடிவில் அனுப்பப்படுகிறது. டிவிஹெட்எண்ட் அதைத் தானே விரித்துக்கொள்வதால், ஒரு வார நிரலும் இணையத்தின் துணையின்றி ஆன்டெனா வழியாகவே வந்துவிடுகிறது. ஒளிபரப்பில் வரும் தொடர் அடையாளத்தைக் கொண்டு ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளையும் பதியச் சொல்லலாம். நேரம் மாறினாலும் அது பின்தொடர்ந்து பிடிக்கும். விம்பிள்டன் நாட்களில் இதன் அருமை தெரியும். இரவு 11 மணி வரை நீளக்கூடிய ஆட்டங்கள், நடுவில் பிபிசி ஒன்னிலிருந்து பிபிசி டூவுக்குத் தாவும் ஒளிபரப்பு என்று எந்த நிரலுக்கும் அடங்காத நிகழ்ச்சி அது. இரு அலைவரிசைகளும் ஒரே கட்டில் இருப்பதால், இரண்டையும் மாலை முழுவதும் பதியச் சொல்லிவிட்டு, முடிவுநேரத்துக்குப்பின் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். கடைசிப் புள்ளி தவறியதாக என் மனைவி இதுவரை ஒருமுறைகூடக் குறைகூறவில்லை.

படத்தின் தரத்தைப் பற்றிய ஒரு குறிப்பைத் தவறவிடக் கூடாது. பிரிட்டனின் ஒளிபரப்பு வினாடிக்கு 50 முறை படம் புதுப்பிக்கப்படும் கணக்கில் அமைந்தது. பையோ திரைக்கு வழக்கமாக 60 என்ற கணக்கில் அனுப்பும். இந்தப் பொருத்தமின்மையால் கால்பந்து மைதானத்தின் குறுக்கே கேமரா நகரும்போதும், செய்தியில் அடிவரி ஓடும்போதும் படம் மெல்லத் தடுக்கித் தடுக்கி நகரும். கோடியின் காணொளி அமைப்பில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் தெரிவை இயக்கிவிட்டால் அது முற்றிலும் நின்றுவிடுகிறது. செயலி பலவீனமானது என்று பலர் முடிவுகட்டிப் பலகையை மாற்றப் போவது இந்த ஒற்றைத் தெரிவு அணைந்திருப்பதால்தான்.

முதல் மாதத்தில் எங்கள் பதிவுகளில் அவ்வப்போது கட்டங்கட்டமாகப் படம் சிதறியது. ட்யூனரையும் மென்பொருளையும் நான் மாறிமாறிச் சந்தேகித்தேன். டிவிஹெட்எண்டின் நிலைப் பக்கத்தில் அலையின் வலிமை மிக அதிகமாகவும், அதே வேளையில் பிழைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டும் இருந்ததைப் பார்த்த பின்னர்தான் காரணம் விளங்கியது. முன்பு குடியிருந்தவர்கள் பரணில் ஒரு சமிக்ஞைப் பெருக்கியை வைத்திருந்தார்கள். கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கையில் அந்தப் பெருக்கி நன்மை செய்யவில்லை; ட்யூனர் தாங்கக்கூடியதைவிட மிகுதியான அலையை அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் பிழைகள் நின்றன. வலிமையைக் காட்டும் எண்ணைவிடப் பிழைகளைக் காட்டும் எண்ணே உண்மையைச் சொல்லும் என்பதைப் புதிதாக அமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

காது சற்று மந்தமான என் தந்தைக்குப் பேச்சை எழுத்தில் காட்டும் அடிவரி (சப்டைட்டில்) இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் பயன்படாது. டிவிஹெட்எண்ட் ஒளிபரப்பை மாற்றாமல் வந்தபடியே எழுதுவதால், அடிவரியும் பார்வையற்றோருக்கான விவரிப்பு ஒலியும் பதிவில் அப்படியே தங்கிவிடுகின்றன. தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டாலேயே எச்டிஎம்ஐ வழியாகக் கோடியை இயக்க முடிவதால் அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. முதல் வாரத்திலேயே தாமாகப் பதிவு வைக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு இந்த அமைப்பின்மீது நம்பிக்கை வந்தது அன்றுதான்.

குறைகளும் உள்ளன. மல்டிபிளெக்ஸ்களின் அமைப்பை ஒளிபரப்பாளர்கள் மாற்றும்போது, கடைப்பெட்டிகள் தாமே செய்துகொள்ளும் மறுதேடலை இங்கே நாமே செய்து, மறைந்துபோன சேவைகளைக் கையால் நீக்க வேண்டியிருக்கிறது. பிபிசி ஐபிளேயர் போன்ற இணையவழிச் சேவைகளின் அதிகாரபூர்வச் செயலி (ஆப்) கோடிக்கு இல்லை. அவற்றுக்குத் தொலைக்காட்சியின் சொந்தச் செயலிகளுக்கே திரும்ப வேண்டும். ஃப்ரீவியூ ஒளிபரப்பு குறைந்தது 2034 வரை தொடரும் என்று அரசு உறுதியளித்திருப்பதால், இப்போது வாங்கும் ட்யூனர் சீக்கிரம் பயனற்றுப்போகும் என்ற அச்சம் மட்டும் வேண்டியதில்லை. ஆன்டெனா ஏற்கெனவே இருக்கும் வீட்டில் பை 4, டிவி ஹேட், அதிகாரபூர்வ மின்இணைப்பி, ஒரு டெராபைட் டிஸ்க், ஓர் எஸ்.டி. கார்டு ஆகியவற்றோடு தொடங்கலாம். கூரையில் ஆன்டெனா இல்லாதவர் முதலில் அதைப் பொருத்துபவரை அழைத்துவிட்டு, மற்றவற்றை அதன் பிறகு வாங்குவதே முறை.