சிறுத்தை நடமாடும் தோட்டத்துக்கு இரும்பு நாய்க்கூண்டு: வாங்கலாமா?

ஹட்டன் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்த நாய்க்கூண்டு இது. விலை 32,000 ரூபாய், லொறிக்கூலி தனி. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கும் குடும்பத்துக்குப் பெரிய காசுதான், ஆனாலும் காட்டோரத்தில் நாய் வளர்ப்பவர்கள் வாங்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஹோர்டன் சமவெளியில் சிறுத்தைக்கு மரை என்கிற பெரிய மான் தாராளமாகக் கிடைக்கிறது. தேயிலை மலைகளுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய காட்டில் அப்படி இல்லை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, சருகுமான், முயல், குரங்கு என்று கிடைத்ததைத் தின்றுதான் அது வாழ்கிறது. பொதுவாகச் சிறுத்தை அதிகம் தேடுவது 10 முதல் 40 கிலோ வரை எடையுள்ள இரையை. நம் வீட்டு நாயும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தால் ஓடித் தப்பவும் வழியில்லை.

அது நெடுந்தூரம் துரத்திப் பிடிக்கும் மிருகம் அல்ல. இருட்டில் தோட்டத்து வடிகால் கானுக்குள்ளும் தேயிலைச் செடிகளுக்கு அடியிலும் வயிறு தரையில் படப் பதுங்கி, சில மீட்டர் தூரத்துக்கு வந்த பிறகுதான் பாயும், கழுத்தைக் கவ்வும், இரையை மறைவான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். முதல் பாய்ச்சல் தவறினால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் அந்த முதல் பாய்ச்சலைத் தடுத்தாலே நாய் பிழைத்துவிடும்.

இந்தக் கூண்டு அதைச் சரியாகச் செய்கிறது. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் முழுத் தகரம், முன்பக்கம் மட்டும் கம்பி வலை, வலையின் கண் ஓர் அங்குலம்தான், சிறுத்தையின் பாதம் உள்ளே நுழையாது. கடையில் அகலக் கண் வலை மலிவு என்று காட்டுவார்கள், எடுக்காதீர்கள். மேலேயும் தகரம் அடித்து நான்கு மூலையிலும் போல்ட் போட்டிருக்கிறார்கள். கூரை இல்லாத வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் சிறுத்தைக்கு அது ஒரு தடையே இல்லை.

குறை கதவில் இருக்கிறது. தாழ்ப்பாள் மெல்லிய கம்பியில் செய்தது, நாயே உள்ளே இருந்து முட்டி முட்டி அதை வளைத்துவிட்டது. மாற்றித் தரச் சொன்னதற்குக் கடைக்காரர் கூலி கேட்டார், அது நியாயமே இல்லை. கடைசியில் தடித்த தாழ்ப்பாள் ஒன்றை நானே வாங்கிப் போட்டேன். பெயின்டும் மட்டம், நம் மழைக்கு வெல்டிங் பிடித்த இடமெல்லாம் துரு ஏறத் தொடங்கிவிட்டது.

அப்புறம், கூண்டுக்குக் காசு இல்லை என்று சுருக்குக் கம்பி வைக்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டு சிகிச்சைக்காக உடவலவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் செய்தி இன்னும் மனதை அறுக்கிறது. பன்றிக்கு வைக்கிற கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. இந்தச் சிறுத்தை இனம் இலங்கையைத் தவிர வேறு எங்கும் இல்லை.

கூண்டை வாசல் லைட் வெளிச்சத்தில், வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள், சுற்றியுள்ள மானாப் புல்லை வெட்டிவிடுங்கள். பொழுது சாயும் முன்பே நாயை உள்ளே விட்டுவிட வேண்டும். ஓர்டர் கொடுக்கும்போதே தடித்த தாழ்ப்பாளும் துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கும் ரெட் ஒக்சைட் பெயின்ட் இரண்டு பூச்சும் வேண்டும் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.