100 டன் மடியில் எந்தக் கூடையை எடுப்பது?

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் பொல்லாக் என்ற மீனைப் பிடிக்கும் பெரிய இழுவைக் கப்பல்களில் ஒரே இழுப்பில் மடி, அதாவது வலைப் பை, நிறைய 100 டன் மீன் ஏறுவது சாதாரணம். அதில் என்ன இனம், எவ்வளவு என்று பதிவு செய்ய வேண்டியவர் அப்சர்வர், அதாவது மீன்பிடிப்பைக் கண்காணிக்கக் கப்பலில் வரும் பார்வையாளர். கையில் இருப்பது கூடையும் தராசும். முழுவதையும் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம், ஆக மாதிரிதான்.

கைக்கு எட்டியதை அள்ளுவது சுலபம். ஆனால் தொட்டிக்குள் மீன் ஒரே சீராகக் கலந்து கிடப்பதில்லை, ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன் தொட்டியின் திறப்பில் சிக்கிப் பின்தங்கும், அள்ளுகிறவர் கண்ணும் வித்தியாசமான மீன் மேல்தான் போகும். அது வேறு வழியே இல்லாத நாளுக்கு மட்டும்.

எளிய சமவாய்ப்பு முறையில் சமவாய்ப்பு எண் பட்டியலைப் பார்த்து எண்களை எடுக்கிறோம்: 7, 9, 88 என்று விழுந்தால் அந்தந்த டன் பெல்ட்டில் ஓடும்போது ஒரு கூடை. கணக்கில் குறை சொல்ல முடியாது. வேலையில்தான் தகராறு. ஏழாவது டன் கூடையை இனவாரியாகப் பிரித்து முடிப்பதற்குள் ஒன்பதாவது வந்து நிற்கும், அப்புறம் 88 வரை ஈ ஓட்டலாம். அதைவிட, மடியில் மொத்தம் எத்தனை டன் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். கேப்டன் 80 என்பார், 110 வரும். கடைசி 30 டன் குலுக்கலிலேயே இல்லை.

அதனால் இழுவைக் கப்பலுக்கு என் ஓட்டு முறைசார் மாதிரிக்கு. 1 முதல் 10க்குள் ஒரு எண்ணை மட்டும் குலுக்கி எடுங்கள். 4 விழுந்தால் 4, 14, 24 என்று மீன் தீரும்வரை போய்க்கொண்டே இருக்கலாம், மொத்தம் கூடினாலும் பாதகமில்லை. ஒரு சிக்கல், இடைவெளி பிடிபட்டுவிட்டால் அடுத்த கூடை எப்போது என்று மாலுமிகள் கணித்துவிடுவார்கள், ஆகவே தொடக்க எண்ணை ஒவ்வொரு மடிக்கும் புதிதாக எடுங்கள், வெளியே சொல்லாதீர்கள்.

நீண்ட கயிற்றில் வரிசையாக முள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் இந்தத் தலைவலி குறைவு. கயிறு துண்டு துண்டாக இருப்பதால் மொத்தம் முன்பே தெரியும், எளிய சமவாய்ப்பே தாராளமாகப் போதும்.

பொல்லாக்கோடு தவறி மாட்டும் சால்மன் விஷயத்தில் இரண்டு முறையுமே உதவாது. 10 கூடையில் 300 கிலோ பார்த்து ஒரே ஒரு சால்மன் விழுந்தால் 100 டன்னுக்குப் பெருக்கும்போது 333 ஆகிவிடும், விழாவிட்டால் பூஜ்யம். சினூக் என்ற சால்மன் வகை இத்தனைதான் மாட்டலாம் என்று உச்சவரம்பு இருக்கும் இடத்தில் இப்படி ஊசலாடும் கணக்கை யார் ஏற்பார்கள்? அதனால்தான் 2011 முதல் பெரிங் கடலில் பொல்லாக்கைக் கப்பலிலேயே பதப்படுத்தும் கப்பல்களில் சால்மனைத் தனியே ஒதுக்கி, கேமரா பார்வையில் இருக்கும் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள்.