கொழும்புக்குப் பக்கத்து முல்லேரியாவப் போர்க்களத்துக்கு வான் வண்டியில் சுற்றுலா: 4,500 ரூபாய்க்குப் பெறுமா?

பெறும், பின் சீட்டில் உட்காராவிட்டால். அங்கே ஏசி வேலை செய்யவில்லை. வெள்ளவத்தைக்கு ஏழு மணிக்கு வர வேண்டிய வானும் முக்கால் மணி நேரம் பிந்தித்தான் வந்தது. தந்த வரைபடத்தில் களனி கங்கையைத் தவிர எதுவும் தெளிவாக இல்லை. நில அளவையில் காலம் தள்ளியவன் நான், அதைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் சீதாவாக்கை அரசிடம் தோற்ற அந்தப் போரை விளக்க வந்த கொட்டாஞ்சேனைத் தம்பிதான் எல்லாவற்றையும் ஈடுகட்டினார். முதலில் அன்றைய தலைநகர் கோட்டே, பழைய அகழி ஓரம். 1521இல் தகப்பன், கோட்டே அரசன் விஜயபாகுவைக் கொன்றுவிட்டு மூன்று மகன்மார் நாட்டைப் பிரித்த கதை. சீதாவாக்கை கிடைத்த மாயாதுன்னைக்கு முழு நாடும் வேண்டும். கோட்டே கிடைத்த புவனேகபாகுவுக்குப் போர்த்துக்கேயர் துணை வேண்டும். புவனேகபாகுவின் பேரன், அவருக்குப் பின் கோட்டே அரசனான தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்று, விகாரை நிலங்களைப் பாதிரிமாருக்குக் கொடுத்ததும் சனம் சீதாவாக்கைப் பக்கம் சாய்ந்தது. இவ்வளவையும் மதில் நிழலில் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அப்புறம் முல்லேரியாவ. வானை விட்டு இறக்கி, ஒரு தாழ்வான புல்வெளியில் எங்களை நடக்க விட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் என் குதிக்கால் சேற்றுக்குள் போய்விட்டது. "இப்ப இரும்புக் கவசத்தோட, துவக்கையும் தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்க ஐயா" என்றார். மாயாதுன்னையின் மகன், பின்னாளில் முதலாம் இராஜசிங்கன், யானைகளோடு வந்து போர்த்துக்கேயப் படையை நொறுக்கியது இந்தப் பக்கத்தில்தான். 1559 என்றார் தம்பி; 1562 என்று எழுதுவோரும் உண்டு. 1,600 போர்த்துக்கேயர் விழுந்தார்கள் என்ற எண்ணை ஒப்பிக்காமல், "அது வென்ற பக்கத்தின் கணக்கு" என்றாரே, அந்த நேர்மை பிடித்திருந்தது.

குறை இதற்குப் பிறகுதான். 1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயைக் கைவிட்டுத் தர்மபாலனைக் கொழும்புக்குக் கொண்டுவந்ததும், 1587இல் இராஜசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டும் கடல் வழியே வந்த உதவியைத் தடுக்க முடியாமல் போனதும் திரும்பும் வழியில், ஹோர்ன் சத்தத்துக்குள் அவசரமாகச் சொல்லப்பட்டன. சோற்றுப் பார்சலுக்கு நின்ற நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கியிருக்கலாம். மீனும் உப்புக் கரித்தது.

போகிறவர்கள் சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள். தம்பிக்குப் பக்கத்து சீட்டை முதலிலேயே சொல்லி வையுங்கள்.